பேர்ல் ஹார்பர் தாக்குதலைக் கண்ட மாலுமிகள் ஜப்பானின் சரணடைவையும் கண்டார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள்: கண்டவர்கள் உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் பலர் நினைப்பதைவிடக் குறைவு. 1941 டிசம்பர் 7 காலையில் பேர்ல் ஹார்பரில் நின்ற கப்பல்களில் ஒரு சில மட்டுமே 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தன. அவற்றில் பெயர் சொல்லும்படியான பெரிய கப்பல்கள் இரண்டு: வெஸ்ட் வர்ஜீனியா, டெட்ராய்ட். இந்தக் கப்பல்களைவிட்டு இடையில் இறங்காமல் இருந்த சிலரும், வேறு கப்பல்களுக்கு மாற்றலாகி அவற்றோடு டோக்கியோவுக்கு வந்து சேர்ந்த பலரும் இரண்டு நாட்களையும் பார்த்தவர்கள்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் வேறு, ஆள் வேறு. இந்த விஷயத்தில் வருகிற குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

அந்த இரண்டு நாட்களிலும் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் நாள், ஹவாய்த் தீவுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு. ஆறு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய சுமார் 350 விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து, முத்துத் துறைமுகம் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் பேர்ல் ஹார்பரைத் தாக்கின. அமெரிக்கர்கள் 2,403 பேர் இறந்தார்கள். அவர்களில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலைச் சேர்ந்தவர்கள். அந்தக் கப்பலின் இசைக்குழுவில் இருந்த 21 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கடைசி நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி கப்பலின் தளத்தில், காலை ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடங்களில் தொடங்கிய நிகழ்ச்சி 23 நிமிடங்களில் முடிந்தது. வெளியுறவு அமைச்சர் ஷிகெமித்சுவும் ராணுவத் தலைமைத் தளபதி உமேசுவும் ஜப்பானுக்காகக் கையெழுத்திட்டார்கள். விரிகுடாவைச் சுற்றிலும் நேச நாடுகளின் கப்பல்கள் 250க்கும் மேல் நின்றன.

இடையில் 1,365 நாட்கள். சரியாக 195 வாரங்கள்.

இரண்டு இடத்திலும் இருந்த கப்பல்கள் என்று ஏன் இரண்டை மட்டும் சொல்கிறீர்கள்?

உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய கப்பல்கள் அவை இரண்டுதான். டோக்கியோ விரிகுடாவில் அன்று அமெரிக்காவின் பெரும் போர்க்கப்பல்கள் எட்டு நின்றன: மிசௌரி, அயோவா, சவுத் டகோட்டா, கொலராடோ, வெஸ்ட் வர்ஜீனியா, நியூ மெக்சிகோ, மிசிசிப்பி, ஐடஹோ. இந்தப் பட்டியலில் பழைய கப்பல்கள் பல இருப்பதால் இவையெல்லாம் பேர்ல் ஹார்பரில் அடிபட்டவை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. கொலராடோ அன்று அமெரிக்க மேற்குக் கரையில் பிரெமர்டன் கப்பல்தளத்தில் பராமரிப்பில் இருந்தது. நியூ மெக்சிகோ, மிசிசிப்பி, ஐடஹோ மூன்றும் அட்லாண்டிக் பக்கம் அனுப்பப்பட்டிருந்தன. மீதி மூன்றும் அப்போது கட்டிமுடிக்கப்படவே இல்லை. தாக்குதலின்போது அங்கே நின்ற எட்டுப் பெரும் போர்க்கப்பல்களில் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தது வெஸ்ட் வர்ஜீனியா ஒன்றே.

மூழ்கிப்போன வெஸ்ட் வர்ஜீனியா எப்படித் திரும்பி வந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கப்பலின் கதைக்குள் முழுப் போரும் அடங்கியிருக்கிறது.

ஃபோர்டு தீவை ஒட்டி இருந்த வரிசையில், டென்னசி கப்பலுக்கு வெளிப்புறமாக வெஸ்ட் வர்ஜீனியா கட்டப்பட்டிருந்தது. வெளிப்புறம் என்பதால் டார்பிடோக்கள் (தண்ணீருக்குள் பாய்ந்துவந்து வெடிப்பவை) எல்லாம் நேராக அதன் மேல்தான் பாய்ந்தன. ஏழு வரை பாய்ந்ததாகக் கணக்கு. மேலே இரண்டு குண்டுகளும் விழுந்தன. கப்பல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அதே வரிசையில் ஓக்லஹோமா இப்படிச் சாய்ந்து தலைகீழாகக் கவிழ்ந்ததில் 429 பேர் இறந்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவில் லெப்டினன்ட் கிளாட் ரிக்கெட்ஸ் என்ற அதிகாரி, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து அறைகளில் வேண்டுமென்றே கடல்நீரைத் திறந்துவிடச் செய்தார். கப்பல் நிமிர்ந்து, நின்ற வாக்கிலேயே துறைமுகத்தின் சேற்றுத் தரையில் அமர்ந்தது. அந்த ஒரு முடிவு எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது என்பதற்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவே சாட்சி.

அப்படியும் 106 பேர் இறந்தார்கள். கேப்டன் மெர்வின் பென்னியன் வயிற்றில் இரும்புத் துண்டு பாய்ந்து, தன்னைத் தூக்கிச் செல்ல வேண்டாம் என்று மறுத்து, கட்டளை மேடையிலேயே உயிர்விட்டார். சமையல்கட்டில் பரிமாறும் வேலைக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த கறுப்பின மாலுமி டோரிஸ் மில்லர், கேப்டனைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவிவிட்டு, யாரும் கற்றுத்தராத இயந்திரத் துப்பாக்கியை எடுத்து விமானங்களைச் சுட்டார்.

1942 மே 17 அன்று கப்பலை மிதக்கவைத்தார்கள். பக்கவாட்டில் கிழிந்து கிடந்த இடங்களுக்குத் தண்ணீருக்கு அடியிலேயே கான்கிரீட் ஊற்றி அடைத்து, உள்ளே இருந்த நீரை இறைத்தார்கள். உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று ஒரு சேமிப்பறையில் இருந்தன. அந்த அறையில் இருந்த நாட்காட்டியில் டிசம்பர் 7 முதல் 23 வரை ஒவ்வொரு நாளாகக் குறியிட்டிருந்தது. மூன்று பேரும் அந்த இருட்டில் பதினாறு நாட்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள். வெளியே காவல் நின்றவர்கள் தட்டும் சத்தத்தைக் கேட்டும் அவர்களை மீட்க வழியில்லாமல் இருந்தார்கள். இதைப் படித்தபின் அந்தக் கப்பலை வெறும் இரும்பாக என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் தளத்தில் மறுகட்டுமானம். 1944 ஜூலையில் அது வெளியே வந்தபோது, பழைய மாலுமி ஒருவர் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. அதே ஆண்டு அக்டோபர் 25 விடியுமுன், பிலிப்பைன்ஸின் சுரிகாவ் நீரிணையில், ரேடாரின் உதவியோடு ஜப்பானியக் கப்பல் வரிசை மீது முதலில் சுட்ட பெரும் போர்க்கப்பல் அதுதான். 93 பெரிய குண்டுகளைச் சுட்டது. அன்று அணிவகுத்த ஆறு பெரும் போர்க்கப்பல்களில் ஐந்து பேர்ல் ஹார்பரில் அடிபட்டவை. பெரும் போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டுக்கொண்ட கடைசிச் சண்டை அது.

அப்புறம் இவோ ஜிமா, ஒகினாவா தீவுகளில் சண்டை. 1945 ஏப்ரல் 1 அன்று ஒரு தற்கொலை விமானம் அதன் மேல் மோதியது. ஆகஸ்ட் கடைசியில் டோக்கியோ விரிகுடாவுக்குள் நுழைந்தது. சரணடைவு நிகழ்ச்சியில் வாசிப்பதற்காக அதன் இசைக்குழுவிலிருந்து ஐந்து பேர் தற்காலிகமாக மிசௌரிக்கு அனுப்பப்பட்டார்கள். அரிசோனாவின் 21 இசைக்கலைஞர்களை நினைக்கும்போதெல்லாம் இந்த ஐந்து பேரும் எனக்கு நினைவுக்கு வருவார்கள்.

அப்படியானால் டோக்கியோவில் நின்ற வெஸ்ட் வர்ஜீனியாவின் மாலுமிகள் எல்லாரும் தாக்குதலில் பிழைத்தவர்களா?

இல்லை. கப்பல் மூழ்கிய மறுநாளிலிருந்தே பிழைத்தவர்களைப் பிரித்து வேறு கப்பல்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். குரூசர், டெஸ்ட்ராயர் என்ற, அளவில் சிறிய போர்க்கப்பல்களுக்கு அனுபவமுள்ள ஆட்கள் உடனடியாகத் தேவைப்பட்டார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்துக் கப்பல் திரும்பவும் கடலுக்குப் போனபோது அதில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் புதியவர்கள். போர் முடியும்போது அமெரிக்கக் கடற்படையில் 33 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தாக்குதலுக்கு முன் இருந்த படையைவிட அது பல மடங்கு. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த அந்தப் பெரும் கூட்டத்தில் பழைய ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராகக் கரைந்துபோனார்கள்.

டோரிஸ் மில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மே மாதம் பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் தன் கையாலேயே அவருக்கு நேவி கிராஸ் பதக்கம் அணிவித்தார். அந்தப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். 1943 நவம்பரில் லிஸ்கம் பே என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியபோது அதில் இறந்தார். அவருடைய பழைய கப்பல் டோக்கியோவுக்குப் போனது. அவர் போகவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பேர்ல் ஹார்பரைக் கண்டவர் 1945இல் தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத ஒரு புதுக் கப்பலில் டோக்கியோவுக்கு வந்திருக்கலாம். மிசௌரியிலேயே இருந்திருக்கலாம். எனவே ‘என் தாத்தா இரண்டையும் பார்த்தார்’ என்று ஒரு அமெரிக்கக் குடும்பம் சொன்னால், கப்பல் பட்டியலை மட்டும் பார்த்து அதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது.

டெட்ராய்ட் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

அதற்கு அடி எதுவும் படவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஃபோர்டு தீவின் மறுபக்கத்தில் டெட்ராய்ட், ராலே, யூட்டா மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. ராலே மேல் டார்பிடோ பாய்ந்தது. யூட்டா கவிழ்ந்தது, இன்றும் அங்கேதான் கிடக்கிறது. டெட்ராய்ட் தப்பி, அன்றே துறைமுகத்தைவிட்டு வெளியேறி எதிரியைத் தேடப் போனது. போரின் கடைசிக் கட்டத்தில் கடலில் நிற்கும் கப்பல்களுக்கு எண்ணெயும் உணவும் வெடிபொருளும் கொண்டுசெல்லும் அணிக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. அந்த வேலையோடுதான் டோக்கியோவுக்கும் வந்தது. பழைய காலத்துக் குரூசர் அது. 1946இலேயே உடைக்க விற்றுவிட்டார்கள். கதை சொல்ல நினைவுச்சின்னம் எதுவும் மிஞ்சவில்லை.

அடிபட்ட மற்றப் பெரும் போர்க்கப்பல்கள் சரணடைவு நாளன்று எங்கே இருந்தன?

அரிசோனா விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஓக்லஹோமாவை நிமிர்த்தி மிதக்கவைத்தாலும் சீர்செய்யவில்லை. 1947இல் கட்டி இழுத்துச் செல்லும் வழியில் நடுக்கடலில் மூழ்கியது. பென்சில்வேனியாவின் கதை மனதை வருத்துவது. போர் முடிய மூன்றே நாட்கள் இருக்க, 1945 ஆகஸ்ட் 12 அன்று ஒகினாவாவில் நங்கூரமிட்டிருந்தபோது ஒரு விமானம் போட்ட டார்பிடோ அதைத் தாக்கியது. இருபது பேர் இறந்தார்கள். மேரிலாண்ட் பழுதுபார்ப்புக்காக அமெரிக்காவுக்குப் போயிருந்தது. நெவாடாவும் பென்சில்வேனியாவும் அடுத்த ஆண்டு பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தப்பட்டன.

டென்னசியும் கலிபோர்னியாவும் செப்டம்பர் கடைசியில் வகயாமாவில் படைகள் இறங்குவதற்குத் துணை நின்றன. மறுகட்டுமானத்தில் அகலம் கூடிவிட்டதால் அவற்றால் பனாமா கால்வாய் வழியாகப் போக முடியவில்லை. எனவே சிங்கப்பூர், கொழும்பு, கேப் டவுன் என்று பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு பிலடெல்பியா போய்ச் சேர்ந்தன. சேர்ந்த நாள் 1945 டிசம்பர் 7, தாக்குதலின் நான்காம் ஆண்டு நினைவு நாள்.

சரணடைவை மிசௌரியில் ஏன் வைத்தார்கள்? அடிபட்டு மீண்ட கப்பலில் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்குமே?

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மிசௌரி, அமெரிக்காவின் மூன்றாம் கடற்படைப் பிரிவின் தளபதி அட்மிரல் ஹால்சியின் தலைமைக் கப்பல். அப்போதைய குடியரசுத் தலைவர் ட்ரூமனின் சொந்த மாநிலத்தின் பெயரைக் கொண்டது. அதைத் தண்ணீரில் இறக்கியபோது பெயர் சூட்டியவரும் அவருடைய மகள்தான். பழைய கப்பல்களை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தென் பசிபிக்கின் தொடக்கச் சண்டைகளிலிருந்து போராடி வந்த நிக்கலஸ், டெய்லர், ஓபேனன் என்ற மூன்று டெஸ்ட்ராயர்களை முன்னால் வரவைத்தது ஹால்சி கொடுத்த மரியாதை. ஆனால் அந்த மூன்றும் 1942இல் சேவைக்கு வந்தவை.

பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் பெரும்பாலும் உள்ளே வராமல் வெளிக்கடலிலேயே நின்றன. ஜப்பான் கடைசி நேரத்தில் ஏதாவது செய்துவிடுமோ என்ற எச்சரிக்கை அதற்குக் காரணம். ஆகவே ‘போரைப் பசிபிக்கில் முடித்துவைத்த’ மாலுமிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை.

விரிகுடாவில் நின்றவர்களை ‘சரணடைவைக் கண்டவர்கள்’ என்று சொல்லலாமா?

இங்கே மூன்று படிகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மிசௌரியின் தளத்திலோ, பீரங்கிக் கூண்டின் மேலோ, கைப்பிடிக் கம்பிகளில் தொற்றிக்கொண்டோ கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்தவர்கள் முதல் வகை. அவர்களுக்கு நினைவாக ஒரு சிறிய அட்டையும் கொடுத்தார்கள். பக்கத்துக் கப்பல்களில் நின்றவர்கள் இரண்டாம் வகை. அவர்களுக்கு மேசையும் தெரியாது, பேனாவும் தெரியாது. வானொலியில் கேட்டிருப்பார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் விமானங்கள் அணிவகுத்துப் பறந்ததைப் பார்த்திருப்பார்கள். வெளிக்கடலில் நின்றவர்கள் மூன்றாம் வகை.

வெஸ்ட் வர்ஜீனியாவும் டெட்ராய்ட்டும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. என் கருத்தில் ‘சரணடைவின்போது அங்கே இருந்தவர்’ என்று அவர்களைச் சொல்வது முழு உண்மை. ‘கையெழுத்திடுவதைப் பார்த்தவர்’ என்பது கூடுதல். இந்த வித்தியாசம் அவர்களுடைய பெருமையை ஒரு துளியும் குறைக்காது. எழுதும்போது நாம் கவனமாக இருந்தால் போதும்.

மிசௌரியின் தளத்தில் நின்ற பெரிய தளபதிகள் தாக்குதலின்போது எங்கே இருந்தார்கள்?

நிமிட்ஸ் வாஷிங்டனில் அலுவலக வேலையில் இருந்தார். 1941 கிறிஸ்துமஸ் காலையில்தான் பேர்ல் ஹார்பர் வந்து இறங்கினார். எண்ணெய் படிந்த தண்ணீரையும் கவிழ்ந்த கப்பல்களையும் பார்த்துக்கொண்டே கரை சேர்ந்தார். ஹால்சி என்டர்பிரைஸ் கப்பலில் கடலில் இருந்தார். அந்தக் கப்பலிலிருந்து முன்னால் அனுப்பப்பட்ட விமானங்கள் சில தாக்குதலுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டன. மறுநாள் மாலையில் கப்பல் உள்ளே வந்தபோது ஹால்சி அந்தச் சேதத்தைக் கண்டார். நேச நாடுகளின் சார்பில் சரணடைவை ஏற்ற ஜெனரல் மெக்கார்தர் பிலிப்பைன்ஸில் இருந்தார். சில மணி நேரத்திலேயே அங்கேயும் குண்டு விழுந்தது.

மெக்கார்தர் கையெழுத்திட்டபோது பின்னால் மெலிந்துபோன இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பிலிப்பைன்ஸில் சரணடைந்த வெயின்ரைட். இன்னொருவர் சிங்கப்பூரில் சரணடைந்த பெர்சிவல். மூன்று ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்து வந்தவர்கள் அவர்கள். உண்மையில் பசிபிக் போரின் முதல் சண்டை பேர்ல் ஹார்பரில் நடந்ததல்ல. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படைகள் இறங்கிவிட்டன. ஆகவே போரின் முதல் மணி நேரத்தில் தாக்கப்பட்ட படையின் தளபதி என்ற முறையில் பெர்சிவலே தொடக்கத்தையும் முடிவையும் கண்ட முக்கியமான சாட்சி.

மிசௌரியில் பறந்தது பேர்ல் ஹார்பர் தினத்தில் வாஷிங்டனில் பறந்த அதே கொடி என்கிறார்களே?

அழகான கதை, உண்மை இல்லை. கப்பலின் கேப்டன் ஸ்டூவர்ட் மர்ரி பின்னாளில் இதைத் தெளிவாக மறுத்தார். கொடிமரத்தில் ஏறியது கப்பலில் வழக்கமாக இருக்கும் சாதாரணக் கொடிதான். வரலாறு கொண்ட கொடி வேறொன்று: 1853இல் அமெரிக்கக் கடற்படையின் கமடோர் பெர்ரி ஜப்பானுக்குக் கொண்டுவந்த 31 நட்சத்திரக் கொடி. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஜப்பான் தரப்பில் இரண்டையும் கண்டவர்கள் உண்டா?

தாக்குதலை வானில் வழிநடத்திய மித்சுவோ புச்சிதா, தானும் மிசௌரியின் தளத்தில் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். தாக்கியவரே தோல்வியையும் பார்த்தார் என்பது கேட்பவர்களை ஈர்க்கிற கதை. ஆனால் ஜப்பானியக் குழுவில் இருந்த பதினொரு பேரின் பெயர்களும் தெரிந்தவை. அவர் அதில் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜொனாதன் பார்ஷல் அவருடைய இந்தக் கூற்றையும் வேறு சிலவற்றையும் ஆராய்ந்து, நம்பத்தக்கவை அல்ல என்று காட்டியிருக்கிறார்.

அந்தப் பதினொரு பேரில் வேறு இருவரைக் கவனிக்க வேண்டும். ரியர் அட்மிரல் தோமியோகா 1941இல் கடற்படைத் தலைமையகத்தின் போர்நடவடிக்கைப் பிரிவுக்குத் தலைவர்; பேர்ல் ஹார்பர் திட்டம் ஆபத்தானது என்று எதிர்த்து வாதாடியவர். ரியர் அட்மிரல் யோகோயாமா, தாக்குதல் நடந்த நாளில் வாஷிங்டன் ஜப்பானியத் தூதரகத்தில் கடற்படை அதிகாரியாக இருந்தவர். குண்டு விழுவதை இருவரும் பார்க்கவில்லை. ஆனால் அது எங்கே தொடங்கியது என்பதை உள்ளேயிருந்து அறிந்த இரண்டு பேர் அந்தத் தளத்தில் தலைகுனிந்து நின்றார்கள்.

கப்பல்கள் என்றால், ஆறு விமானந்தாங்கிகளில் நான்கு 1942 ஜூனில் மிட்வே கடற்சண்டையில் மூழ்கின. ஷோகாகுவை 1944 ஜூனில் கவல்லா என்ற நீர்மூழ்கி மூழ்கடித்தது. கடைசியான சுய்காகு 1944 அக்டோபர் 25 அன்று, அதாவது வெஸ்ட் வர்ஜீனியா சுரிகாவில் சுட்ட அதே நாளில், மூழ்கியது. ஷோகாகுவை வீழ்த்திய கவல்லா சரணடைவின்போது டோக்கியோ விரிகுடாவில் நின்றது. போரின் கடைசி வரை தப்பியது உஷியோ என்ற டெஸ்ட்ராயர். 1941இல் அந்தப் படையெடுப்பின் ஒரு பகுதியாக மிட்வேத் தீவின் மேல் குண்டு வீசியது அது. 1945இல் நகர முடியாத நிலையில் யோகோசுகாவில் கிடந்தது. யோகோசுகா டோக்கியோ விரிகுடாவின் கரையில்தான் இருக்கிறது.

நம் பக்கக் கடலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் ககா தவிர மற்ற ஐந்தும் 1942 ஏப்ரலில் இலங்கைக்கு வந்தன. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் தாக்குதல். வானில் தலைமை அதே புச்சிதா. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் அது அங்கே கடலடியில் கிடக்கிறது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறியது அந்த ஏப்ரலில்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் குண்டு’ என்று சொன்னவற்றில் இலங்கையில் விழுந்தவையும், ஹவாயில் விழுந்த குண்டும் ஒரே கப்பல்களிலிருந்து கிளம்பியவை என்பதை நம்மில் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஒரு குறிப்பிட்ட மாலுமி இரண்டு இடத்திலும் இருந்தாரா என்று எப்படிச் சரிபார்ப்பது?

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஆட்பட்டியல்கள் இருக்கின்றன. யார் எந்தத் தேதியில் ஏறினார், எப்போது மாற்றலானார் என்பது அவற்றில் இருக்கும். கப்பல் அன்றன்று எங்கே நின்றது என்பதற்கு லாக் புத்தகங்கள். 1941 டிசம்பர், 1945 செப்டம்பர் ஆகிய இரண்டு காலத்துக்கும் ஆட்பட்டியலை எடுத்துப் பெயரைத் தேட வேண்டும். இடையில் எந்தக் கப்பல்களில் இருந்தார் என்று தெரியாவிட்டால், செயின்ட் லூயிஸில் உள்ள பணியாளர் ஆவண மையத்தில் அவருடைய தனிக் கோப்பைக் கேட்கலாம். சேவையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. 1973 தீவிபத்தில் அங்கே எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் அந்தத் தீயில் போகவில்லை.

குடும்பத்தில் கிடைக்கும் சீருடைப் புகைப்படத்தையும் பதக்கத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பசிபிக் பதக்கம் போரில் அந்தப் பக்கம் இருந்த எல்லாருக்கும் கிடைத்தது. ஆட்பட்டியல்தான் கடைசிச் சொல்.

அந்தக் கப்பல்களை இன்று பார்க்க முடியுமா? அந்த மனிதர்கள்?

மிசௌரி 1998இல் பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவரப்பட்டு, 1999 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் முன்பகுதி அரிசோனா நினைவகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கையெழுத்து நடந்த இடத்தில் ஒரு வட்டத் தகடு பதித்திருக்கிறார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவை 1959இல் உடைக்க விற்றார்கள். அதன் கொடிமரம் அதே பெயருள்ள மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில், மார்கன்டவுன் ஊரில் நிற்கிறது.

அரிசோனாவில் பிழைத்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த லூ கான்டர் 2024 ஏப்ரல் 1 அன்று தன் 102ஆம் வயதில் காலமானார். அவர் தாக்குதலுக்குப் பின் விமானியாகி, நியூ கினி பக்கம் கடல் விமானம் ஓட்டியவர்.